மூச்சை ஏலம் விட்டவர்

தாம்பரத்துக்குக் கிழக்கே, இரைக்கிற நெஞ்சுகளை அளந்தே பிழைப்பு நடத்தியவன் நான். பீடி நெஞ்சு, கல்குவாரித் தூசி நெஞ்சு, காரணமே தெரியாத நெஞ்சு என்று ஆயிரம் பார்த்திருப்பேன். ஆனால் தன் மூச்சிரைப்பை நின்ற இடத்தில் ஏலத்தில் விட்டு, அதற்கு நல்ல விலையும் கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான்.

அவரை எல்லோரும் ஏலக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். கோவளம் கடற்கரையில் நாற்பது வருஷம் மீன் ஏலம் விட்டவர். அவர் கோவளத்தில் ‘ஒரு தரம்’ என்றால் கேளம்பாக்கத்தில் யாராவது ‘ரெண்டு தரம்’ என்பார்களாம். இதை அவரே சொன்னார், வேறு சாட்சி கிடையாது. நாற்பது வருஷக் கத்தலோடு நாற்பது வருஷப் பீடியும் சேர்ந்து, ஒரு கூடை மீனை விற்று முடிப்பதற்குள் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஏலத்தை வேறு ஆள் எடுத்துக்கொண்டார். இவர் இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்தார்.

எங்களிடம் என்றால், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு மருத்துவமனையின் உடற்பயிற்சி ஆய்வுக்கூடம். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின் நான் அங்கே ஒரு ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தேன். நுரையீரல் நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி கொடுத்தால் இதயமும் மூச்சும் எவ்வளவு தேறுகின்றன என்பது கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்கக் கல்லூரி ஓட்டக்காரர்களையும் டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தோம். பயிற்சி கொடுப்பது பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா. அளப்பது நான்.

முதல் நாளே தகராறு. பயிற்சி சைக்கிளை மிதித்து இறங்கியவரிடம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் போட்ட அட்டையைக் காட்டினேன்.

“ஐயா, பூஜ்யம்னா மூச்சுத் திணறலே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. இப்ப உங்களுக்கு எவ்வளவு?”

“நீ எவ்ளோ போடுவ சார்?”

“நான் போடக் கூடாது. நீங்கதான் சொல்லணும்.”

“அது எப்டி? வாங்கறவன்தான மொதல்ல கேக்கணும்?”

“இது மீன் இல்லைங்க. உங்க மூச்சு.”

“சரி, மூணு.”

மூன்று என்று எழுதினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னா சார், ஒடனே எழுதிட்ட! அப்ப நான் கம்மியா வுட்டுட்டேன். நாலு போடு. நாலு, நாலு, நாலு... இன்னாம்மா ஸ்டெல்லா, சும்மா நிக்கற? கேளு!”

“அஞ்சு!” என்றாள் ஸ்டெல்லா, சிரிப்பை அடக்க முடியாமல்.

“அஞ்சு ஒரு தரம்! அஞ்சு ரெண்டு தரம்!” அதற்குமேல் இருமல் வந்து ஏலம் நின்றது. அந்தப் படிவத்தில் மூன்றும் நாலும் அடிக்கப்பட்டு, ஐந்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இன்னும் இருக்கும்.

அடுத்தது நடைச் சோதனை. முப்பது மீட்டர் தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. நோயாளி ஆறு நிமிஷம் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். எத்தனை மீட்டர் நடந்தார் என்பதுதான் கணக்கு. அப்போது நான் என்ன பேசலாம் என்பதற்கும் விதி உண்டு. நிமிஷத்துக்கு ஒரு தடவை, எழுதிவைத்த வாக்கியம் மட்டும், ஒரே குரலில். கூடுதலாக ‘சபாஷ்’ என்றால்கூட ஆள் வேகமாக நடந்து எண் கெட்டுப்போகும்.

“நல்லாப் பண்றீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு,” என்றேன்.

“டாங்ஸ் சார். வூட்ல எல்லாரும் சௌக்கியமா?”

பதில் சொல்ல விதியில் இடமில்லை. ஒரு நிமிஷம் கழித்து, “அப்படியே நடங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு,” என்றேன்.

“சௌக்கியமான்னு கேட்டா நாலு நிமிஷம்ன்ற? டேப் ரிக்கார்டருக்குப் பொண்டாட்டி புள்ள கீறாங்களா இல்லியா?”

என் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் வெளிநாட்டில். சிட்லபாக்கம் வீட்டில் நான் கடைசியாக யாருடன் அரை மணி நேரம் தொடர்ந்து பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, “பாதி முடிச்சுட்டீங்க,” என்றேன்.

அவருக்கு விதி கிதி ஒன்றும் கிடையாது. ஒரு நாள் ஓட்டக்காரப் பெண் ஒருத்தி, குழாய் மாட்டிய முகமூடியோடு டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தாள். முடிந்தவரை ஓடிவிட்டு நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்கப் போகிற நேரம். ஏலக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, அவள் உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று திரையில் மாறிக்கொண்டிருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

“நாப்பத்தி எட்டு! நாப்பத்தி எட்டு! இன்னாம்மா, கடல்ல இருந்து இப்பதான் எறங்கின ஒடம்பு, நாப்பத்தெட்டுக்கா வுடறது? ஒம்போதாக்கு! அம்பது யாரு? அம்பது!”

அந்தப் பெண் தூக்கிய கையை இறக்கிவிட்டு மேலும் ஒன்றரை நிமிஷம் ஓடினாள். இறங்கியதும் தரையில் படுத்துச் சிரித்தாள். நான் கத்தினேன். சோதனை வீணாகிவிட்டது, அவளை இன்னொரு நாள் வரவழைக்க வேண்டும், விதி என்றால் எல்லோருக்கும் விதி என்று என்னென்னவோ சொன்னேன். ஏலக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மீனு நல்லா போச்சு சார், வுடு,” என்றார்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. அவரோடு பயிற்சி செய்த ஏழு பேரும் முன்னைவிட அதிக தூரம் நடந்தார்கள். ஏலக்காரர் மட்டும் குறைவாக நடந்தார். இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. எங்கள் திட்டத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. தேறியவர்களுக்கு ஒரு காகிதத்தில் வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். தேறாதவர்களுக்கு இன்னொரு பன்னிரண்டு வாரம். அதைச் சொன்னதும், தோற்றுப்போன மனிதர் ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணடித்ததை நான் பார்க்காமல் இல்லை. புரியாமல்தான் இருந்தேன்.

புரியவைத்தது ஒரு பூனை. ஸ்டெல்லாவுக்கென்று அவர் சங்கரா மீன் கொண்டுவருவது வழக்கம். இரண்டாவது பன்னிரண்டு வாரத்தின் நடுவில் ஒரு நாள், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அவர் பையை வைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்கிற நேரத்தில் மருத்துவமனைப் பூனை மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஏலக்காரர். மாடி ஜன்னலில் நின்ற நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்: ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வட்டம், ஆம்புலன்ஸைச் சுற்றி ஒரு வட்டம், தண்ணீர்த் தொட்டி வரை நேர்கோட்டில். என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. பூனை தோற்றது. மீனைப் பிடுங்கி உதறிக்கொண்டு நிமிர்ந்தவர் கண்ணில் நான் பட்டேன். அடுத்த நொடியே சுவரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “முடியல சார்!” என்றார்.

பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அதில் இருந்தது. பயிற்சி நாளில் நூற்றிருபதைத் தாண்டிய இதயத் துடிப்பு, நடைச் சோதனை நாளில் தொண்ணூறைத் தொடவில்லை. மனிதர் வேண்டுமென்றே மெதுவாக நடந்திருக்கிறார்.

“உனக்குத் தெரியுமா?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

“தெரியும் சார்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அனுப்பிடுவீங்க. அவர் வொய்ஃப் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு சார். பிள்ளைங்க இல்ல. காலையில ஏலம் முடிஞ்சதும் அங்க யாரும் நிக்கறதில்லையாம். வாரத்துல மூணு நாள்தான் மனுஷன் கிட்ட பேசறேன்னு சொல்லுவார். சைக்கிள் காலியாத்தான சார் இருக்கு, வந்துட்டுப் போகட்டுமே?”

நியாயமாக நான் சரி என்றிருக்க வேண்டும். நானும் அந்தக் கட்டடத்துக்கு ஆராய்ச்சிக்காக மட்டும் வரவில்லை. வீட்டில் பிரஷர் குக்கரைத் தவிர வேறு சத்தம் கிடையாது என்பதற்காகவும் வந்தேன். அவருக்கு என்ன வலி என்று அந்த மருத்துவமனையில் மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் ஆராய்ச்சிக் கட்டுரையின் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி, அவருடையது, கீழ்நோக்கி நிற்கிறது என்பதுதான்.

கடைசிச் சோதனைக்கு முன் ஸ்டெல்லாவிடம் சொன்னேன், நான் என்ன செய்யப்போகிறேன் என்று. “வேணாம் சார், பாவம் சார்,” என்றாள். வரப்போவது உண்மையான எண்தானே, அதில் என்ன தப்பு என்றேன்.

தாழ்வாரத்தில் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

“இந்தத் தடவை ஏற்பாடு மாறிப்போச்சுங்க. நல்லா நடக்கறவங்களைத்தான் தொடர்ந்து வெச்சுக்கப் போறோம். நடக்காதவங்களை அனுப்பிடுவாங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நெஜமாவா சார்?”

“நிஜமாத்தான்.”

“அப்ப நடந்துருவோம்.”

நடந்தார். அன்றைக்கு அவர் குடும்ப விசாரணை செய்யவில்லை, ஏலம் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கைகளை வீசிக்கொண்டு, கூம்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்பினார். ஸ்டெல்லா அவர் விரலில் மாட்டிய, ஆக்சிஜன் காட்டும் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே கூட ஓடினாள். “இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு,” என்று நான் சொன்னபோது வேகம் இன்னும் கூடியது. நிறுத்தச் சொன்னதும் நாற்காலியில் விழுந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஸ்டெல்லா ஆக்சிஜன் மாட்டினாள். நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல. கடைசிச் சுற்றில் எத்தனை மீட்டர் என்று தரையில் போட்ட கோட்டைப் பார்த்தேன். எங்கள் நோயாளிகளில் யாரும் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

கால் மணி நேரம் கழித்து வீட்டுப் பயிற்சிக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். நீங்கள் பிரமாதமாகத் தேறிவிட்டீர்கள், இனி வரவேண்டியதில்லை என்றேன். சண்டை போடுவார் என்று பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“சரி சார்,” என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சைக்கிளில் இருந்தவர்களிடமெல்லாம் ஒவ்வொருவராகப் போய்க் கைகொடுத்துவிட்டுப் படியிறங்கினார். ஸ்டெல்லா அதற்குப் பிறகு என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

கட்டுரை வெளிவந்தது. எல்லாப் புள்ளிகளும் மேல்நோக்கி நின்றன. அதைப் படித்துப் பாராட்டி எழுதியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் என் மாணவர். சில மாதங்களில் என் வேலைக்கு இளையவர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். நான் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்க ஆரம்பித்தேன். என்னைப்போலவே ஓய்வுபெற்றவர்கள் பலர் எதிரே வருவார்கள். எல்லோர் காதிலும் ஏதாவது மாட்டியிருக்கும். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே, யாராவது என்னை ‘வூட்ல எல்லாரும் சௌக்கியமா’ என்று கேட்டால் தேவலை என்று தோன்றியது. கேட்ட ஒரே மனிதருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் பஸ் ஏறிக் கோவளம் போனேன். ஏலமெல்லாம் முடிந்து மணல் காலியாக இருந்தது. ஒரு ஃபைபர் படகின் நிழலில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். பயிற்சியை விட்டு ஒரு வருஷம் ஆனால் அந்த நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்தவன்தானே நான். உட்கார்ந்த இடத்திலேயே இரைத்தது.

“இன்னா சார், மறுபடியும் நடக்கணுமா?”

“இல்ல. நான் இப்ப அங்க இல்ல. சும்மா வந்தேன்.”

“சும்மா எவன் சார் இங்க வருவான்? மீனு வாங்க வருவான், இல்லாங்காட்டி போட்டா புடிக்க வருவான்.”

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். “அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

“தெரியும்.”

“எப்போ தெரிஞ்சுது?”

“நீ சொல்லச்சொல்லவே தெரியும். ஐஸுல கெடந்த மீனைப் புது மீனுன்னு விக்கறவன் மூஞ்சிய நாப்பது வருஷமா பாத்துகினு கீறேன். உன் மூஞ்சி தெரியாதா?”

“தெரிஞ்சுமா அப்படி நடந்தீங்க?”

பதிலுக்கு முன் இரண்டு தடவை மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஆறு மாசமா கைல அட்டைய வெச்சிகினு நின்னுகினேதான் சார் பேசுவ. அன்னிக்குதான் பக்கத்துல வந்து குந்துன. பொய் சொல்றதுக்குத்தான், தெரியும். இருந்தாலும், இந்த ஆளுக்கு இன்னாவோ வோணும், இல்லாட்டி வந்து குந்தமாட்டான்னு தோணிச்சு. என்னாண்ட இருந்துது. குடுத்தேன்.”

மன்னிப்பு என்கிற வார்த்தையை வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதை அங்கே எடுத்து நீட்ட வெட்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தேன். அவர் பேச ஆரம்பித்தார். புது ஏலக்காரனுக்குத் தொண்டையே இல்லை என்றார். கரையில் ஒரு நாய் எட்டுக் குட்டி போட்டிருக்கிறது என்றார். மூச்சு முட்டியபோது நிறுத்தினார், வந்ததும் தொடர்ந்தார். நான் எதையும் எண்ணவில்லை.

பதினோரு மணி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

“உன் பஸ்ஸு சார்.”

“அடுத்ததுல போறேன்,” என்றேன்.

அடுத்ததும் போனது. அதற்கடுத்ததை அவரும் சொல்லவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.