அழுத்திப் பார்க்கிற ரகம்

பைத்தியமும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. "அந்த சாலமோனைப் பொண்ணு ஊட்ல கழுத்தைப் புடிச்சி வெளிய தள்ளிட்டாங்களாமே" என்று எங்கள் தெரு ஆரோக்கியமேரி ஆரம்பாக்கம் முழுக்க ஒலிபரப்பிக்கொண்டு திரிகிறாளே, அதுவும் பொய். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டு மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிற பிள்ளை. தாய் தகப்பன் இல்லாததால் நிச்சயத்துக்குத் தட்டு தூக்கிக்கொண்டு போனதே நான்தான்.

அவன் ஒரு தனி ரகம், அவ்வளவுதான். அழுத்திப் பார்க்கிற ரகம். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். வெளியே சுவரும் உள்ளே வெறும் காற்றுமாக எது கையில் கிடைத்தாலும் இந்த ரகம் விடாது. ஜூஸ் குடிக்க உறிஞ்சுகுழலைக் கொடுத்தால் மடக்கிப் பார்க்கும், பல் விளக்கப் பற்பசையைக் கொடுத்தால் முறுக்கிப் பார்க்கும், ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தையின் பீப்பியைக் கொஞ்சுவது போல வாங்கி நசுக்கி, குழந்தை அழ, தாய் முறைக்க, "எங்க மடிஞ்சுது பாத்தீங்களா?" என்று அந்தத் தாயிடமே கேட்கும். அடி வாங்காமல் திரும்புவதே அதிசயம்.

ஆரோக்கியமேரிக்கு என்ன கோபம் தெரியுமா? தண்ணீர் லாரி வந்த அன்று இவன் ரப்பர் குழாய் மேல் ஏறி நின்றுகொண்டான்.

"யோவ் படிப்பு! காலை எட்றா! கொடம் காலியா நிக்குது!"

"ஒரு நிமிசம்க்கா, இப்பதான் மடிப்பு உழுந்துது."

"எம் மூஞ்சில உழுந்துது மடிப்பு! எட்றா!"

அன்றிலிருந்து பகை.

அவன் படிப்பு அப்படி, என்ன செய்வான்? சென்னையில் ஆராய்ச்சி; கம்ப்யூட்டருக்குள்ளே கார்பன் நானோகுழாய் என்று ஒன்றை நிற்கவைத்து அழுத்துகிறான். தலைமுடியின் தடிமனை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதன் பருமன். ஆனால் எஃகு தோற்றுப்போகுமாம். மேலிருந்து அமுக்கினால் நெட்டைக் குழாய் கம்பு மாதிரி பக்கவாட்டில் வளையும், குட்டைக் குழாய் நின்ற இடத்திலேயே மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். சுற்றிலும் நெருக்கினால் வட்டம் முட்டையாகும், முட்டை இடுப்பு ஒடுங்கி வேர்க்கடலையாகும். கையை எடுத்தால்? ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்துகொள்ளும்.

"கண்ணுக்கே தெரியாதத அமுக்கறதுக்கா ஆறு வருசம்?" என்று நானும் கேட்டேன்.

"அமுக்கறது சுலபம் ஆயா. எப்ப மடியும்னு முன்னாடியே சொல்லணும். அதான் பேஜாரு."

சரி, நிச்சயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியில் ரோசம்மாள் வீடு. பெண் கிரேஸ், மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. முன்னால் பார்த்த மூன்று இடமும் இவன் கைவரிசையால் கெட்டுப்போனவை. இதுவும் போனால் இனி எந்தத் தரகரும் படியேற மாட்டார். அதனால் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "கையைப் பாக்கெட்ல வெச்சிக்கினு குந்து." அப்படியே குந்தினான். காபியைக்கூட என்னைப் பிடிக்கச் சொல்லித்தான் குடித்தான்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். பெண் போடுகிற வளையலைத் தட்டில் வைத்து, வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை தொட்டுக் கொடுக்கவேண்டும்.

"கெட்டி வளையலு. எங்கம்மா எனுக்குப் போட்டது. தொட்டுக் குடுங்க மாப்ள" என்றாள் ரோசம்மாள்.

தொட்டுக் கொடுக்கிற கையா அது? கட்டைவிரல் ஒரு பக்கம், ஆள்காட்டி ஒரு பக்கம். வட்டம் முட்டையானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். டொக்.

"ஆயா! இடுப்பு உழுந்துது!" என்றான், சந்தோஷமாக.

கெட்டித் தங்கம் இரண்டு விரலுக்கு எங்கே நெளியும்? உள்ளே காற்று. முப்பது வருஷமாகக் கெட்டி என்று ஊருக்கெல்லாம் காட்டிய வளையல். ரோசம்மாள் புருஷன் ஜெயராஜ் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கூடு வளையலா?"

அவ்வளவுதான். புருஷனைத் திட்ட முடியாத கோபத்தையெல்லாம் ரோசம்மாள் மாப்பிள்ளை தலையில் கொட்டினாள். அவன் படிப்பைத் திட்டினாள், சட்டையைத் திட்டினாள், என்னையும் கொஞ்சம் திட்டினாள். இவன் மன்னிப்புக் கேட்டானா? "அத்தை, இது தங்கம், நெளிஞ்சா நெளிஞ்சதுதான். கார்பனா இருந்தா விட்டதும் நிமிர்ந்துக்கும்" என்று பாடம் எடுத்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேவிட்டேன்.

அதுவரை தலையைக் குனிந்துகொண்டிருந்த கிரேஸ் நிமிர்ந்தாள். "எவ்ளோ அமுக்கினாலும் நிமிருமா?"

ஆறு வருஷத்தில் அவனை ஒருவர் ஒழுங்காகக் கேட்ட முதல் கேள்வி அது. பாவி, வளையலைத் தட்டில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "ஒரு... ஒரு அளவு வரிக்கும். உள்ள கட்டு அறுந்துட்டா நிமிராது."

கிரேஸ் அம்மா பக்கம் திரும்பினாள். "எம்மா, அரை மணி நேரமா நீ அமுக்கிக்கினு கீற. ஆளு மடிஞ்சாரா பாரு. எனுக்கு இவரே போதும்."

ஜெயராஜ்தான் முதலில் சிரித்தார்.

ஆகவே யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. அன்றைக்கு அந்த வீட்டு வாசலை அவனாகவேதான் தாண்டினான்; நெளிந்த வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பத்தர் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். பார்த்தவர்களுக்குத் துரத்திவிட்ட மாதிரிதான் இருந்திருக்கும்.

நீங்கள் ஏன் இவ்வளவு சிரிக்கிறீர்கள்? படித்து முடித்ததும் இந்தப் பத்திரிகையைக் குழாய் மாதிரி சுருட்டத்தான் போகிறீர்கள். சுருட்டியதும் உங்கள் கட்டைவிரல் எங்கே போகிறது என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.