லொரியான் நகரத்து நீல ரிப்பன்

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். சுத்தப் பேத்தல். என்னை மாட்டிவிட்டதே என் ஞாபகசக்திதான்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். லுவார் நதி கடலில் சேருகிற ஊர் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘சேன் நசேர்!’ என்று கத்துவேன். பூகோள வாத்தியாரின் பிரம்பு அப்படி. அவர் வைத்திருந்த பாடப்புத்தகம் யுத்தத்துக்கு முந்தையது (அட்டையே கிடையாது, எந்த யுத்தம் என்று கேட்க எவனுக்கும் தைரியம் வந்ததில்லை). அதில் பிரான்சின் மேற்குக் கரை ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம். என்னை முட்டி போட வைத்து அவர் மண்டையில் ஏற்றிய பாடம், லொரியான். நம்ம பக்கத்து மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு, கீழ்த்திசைக் கப்பல்களுக்கென்றே கட்டிய துறைமுகம் அது. பாண்டிச்சேரிக்கு வந்த கம்பெனிக் கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்பினவாம்.

மனப்பாடத்தில் எனக்கு ஒரு கோளாறு உண்டு. நடுவில் யாராவது நிறுத்திவிட்டால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் வரும்.

எழுபதுகளின் நடுவில், துபாயில் வேலை எடுத்திருந்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, மெட்ராஸில் ஆள் எடுத்தது. ஹோட்டல் அறையில் நேர்காணல். எதிரே மேனேஜர் முசியே (பிரெஞ்சில் ‘ஐயா’), ஆறடி உயரம், பூனைக் கண்.

“பிரான்ஸ் போயிருக்கிறீர்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவரை நான் பார்த்திருந்த மேற்கு, விழுப்புரம் ஜங்ஷன்தான். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே, “லொரியானில் இரண்டு வருஷம் இருந்தேன், முசியே” என்றது.

முசியே எழுந்து நின்று கையைக் குலுக்கோ குலுக்கு என்று குலுக்கினார். “என் அம்மாவின் ஊர்! நான் வளர்ந்ததெல்லாம் நாந்த் நகரத்தில். அம்மாவோ அந்த ஊரைப் பற்றி வாயே திறப்பதில்லை.”

வேலை கிடைத்துவிட்டது. (தலைவிதியும் கூடவே விமானம் ஏறியது.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். பாண்டிச்சேரியில் நான் ரிக்‌ஷா ஏறியபோது கௌரி மாடி ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். அந்தக் கையை நினைத்துக்கொண்டே, துபாயை இரண்டாகப் பிரிக்கும் கடற்கழியின் (கிரீக் என்பார்கள்) கரையில், தேராவில், மசாலாக் கடை ஒன்றின் மேல் அறையில், கீழக்கரை சாகுல் பாயோடு காலம் தள்ளினேன். கௌரியைக் கூட்டிவர ஃபேமிலி விசா வேண்டும். அதற்கு முசியேயின் கையெழுத்து வேண்டும். அவரோ ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளிக்கொண்டே இருந்தார். கௌரியின் கடிதங்களில் ‘அன்புள்ள’ போய் வெறும் ‘நலம்’ மட்டும் நின்றது.

அந்தக் குளிர்காலத்தில் முசியேயின் அம்மா துபாய் வந்து இறங்கினார். முசியே என்னைக் கூப்பிட்டார்.

“வியாழக்கிழமை காலையில் அம்மாவை அப்ராப் படகில் ஏற்றி தேரா கடைத்தெருவுக்குக் கூட்டிப் போங்கள். ஊர்க்கதை பேசுங்கள். இரண்டு பேரும் லொரியான்காரர்கள்! சனிக்கிழமை உங்கள் விசாப் பேப்பரைக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.”

ஊர்க்காரியிடமே ஊரைப் பற்றிப் புளுக வேண்டும். மாட்டினால் விசா எனக்கும் இருக்காது, கௌரிக்கும் கிடைக்காது.

வியாழக்கிழமை விடிந்தால், ஜன்னலுக்கு வெளியே ஊரையே காணோம். கடலிலிருந்து மூட்டம் ஏறித் தெருவை விழுங்கியிருந்தது. சாகுல் பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“என்னா பலராமா, இந்த மூட்டத்துலயா கிரீக்குல எறங்கப் போறிய? கப்பல்காரவுக சொல்லுவாக, மூட்டத்துக்குள்ள நம்ம பேரைச் சொல்லிக் கூப்புடுற சத்தம் கேக்குமாம். திரும்பி மட்டும் பாத்துராதிய.”

“சும்மா இரு பாய். எனக்கு ஏற்கெனவே வயித்தக் கலக்குது.”

“அதுக்குத்தான் டீயில இஞ்சி போட்டேன்” என்றார் அவர்.

அக்கரையில் மதாம், அதாவது முசியேயின் அம்மா, தயாராக நின்றார். ஒல்லி உடம்பு, கறுப்புக் கவுன், வளையாத முதுகு. பார்த்தவுடன் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வைக்கிற கண்கள். அப்ராவில் எங்களைத் தவிர பலூச்சிப் படகுக்காரர் மட்டும்தான். பாதித் தூரம் போனதும் இஞ்சின் இருமியது, விக்கியது, நின்றது.

“இஞ்சின் மாஃபி!” (இஞ்சின் இல்லை) என்றார் அவர், ஏதோ வானிலை அறிக்கை போல. குனிந்து அதைக் குடைய ஆரம்பித்தார்.

அக்கரையும் இல்லை, இக்கரையும் இல்லை. சுற்றிலும் வெள்ளை. எங்கோ ஒரு மரக்கலம் முனகியது. படகு தானாக மெல்லத் திரும்பியது. எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுகூடத் தெரியவில்லை.

“என் ஊரில் இருந்தீர்களாமே” என்றார் மதாம். (பிரெஞ்சில்தான் பேசினோம்.) “சொல்லுங்கள். எப்படி இருக்கிறது?”

பிரம்பை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பாடம் கடகடவென்று ஓடியது.

“ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் இருபுறமும் மரங்கள் நிற்கும் சாலை. அப்பால் சேன் லூயி கோயில். அதன் மணி ஒலிக்கும்போது புறாக்கள் எழும்பிப் பறக்கின்றன. சந்தையில் வெள்ளைத் தொப்பி அணிந்த பெண்கள் மத்தி மீன் விற்கிறார்கள். துறைமுகத்துக்கு இறங்கும் குறுகிய தெருவின் முனையில் ரொட்டிக் கடை. அதன் வாசலில் நாய் ஒன்று உறங்குகிறது.”

பாடம் முடிந்துவிட்டது. இரண்டு வருஷம் இருந்தவன் ஒரு மனுஷரோடும் பழகவில்லையா என்று மதாம் நினைப்பாரே! என் பாழாய்ப்போன வாய் சொந்தச் சரக்கை அவிழ்த்தது.

“ரொட்டிக் கடைக்கு மேலே மாடி ஜன்னலில் ஒரு பெண் நிற்பாள், மதாம். ஜடையில் நீல ரிப்பன். நான் போகும்போதெல்லாம் கையை ஆட்டுவாள்.”

மதாமின் கை படகின் மரத்தை இறுகப் பிடித்தது. “திரும்பச் சொல்லுங்கள்.”

மறுபடி கண்ணை மூடி முதலிலிருந்து தொடங்கினேன். ரயில் நிலையம். மரங்கள். கோயில். ‘மணி ஒலிக்கும்போது’ என்ற இடத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து இன்னொரு குரல் என்னோடு சேர்ந்துகொண்டது. எனக்கு அரை வார்த்தை முன்னால், அதே ராகத்தில், ‘புறாக்கள் எழும்பிப் பறக்கின்றன’ என்றது. கண்ணைத் திறக்கப் பயம். நிறுத்தவும் முடியவில்லை. (நிறுத்தினால் மறுபடி ரயில் நிலையத்துக்கே போக வேண்டும்!) மத்தி மீன், குறுகிய தெரு, ரொட்டிக் கடை என்று இரண்டு குரலுமாக நாய் உறங்கும் வாசல்வரை போய் ஒன்றாக நின்றோம்.

கண்ணைத் திறந்தேன். குரல் மதாமுடையதுதான்.

“நான் பள்ளிக்கூட டீச்சர்” என்றார் அமைதியாக. “இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை ஒப்பிக்க வைத்திருக்கிறேன் தெரியுமா? நீங்கள் லொரியானைப் பார்த்ததே இல்லை.”

போச்சு. கௌரி மாடி ஜன்னலைச் சாத்துவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“பார்த்திருக்கவும் முடியாது” என்று அவரே தொடர்ந்தார். “அந்தக் கோயில் இல்லை. சந்தை இல்லை. தெரு இல்லை. யுத்தத்தில் ஜெர்மானியர்கள் அங்கே நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கான்கிரீட்டில் கொட்டகை கட்டினார்கள். அதை உடைக்க இங்கிலீஷ்காரர்களும் அமெரிக்கர்களும் வானத்திலிருந்து குண்டு போட்டார்கள். கொட்டகை இன்றும் நிற்கிறது. ஊர்தான் எரிந்துபோனது. இப்போது அதே பெயரில் வேறு ஓர் ஊர் இருக்கிறது.”

அப்படியானால், எரிந்துபோன ஊரில்தான் இரண்டு வருஷம் குடியிருந்தேன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்!

“மன்னியுங்கள், மதாம்” என்றேன்.

“அது இருக்கட்டும்.” அவர் என் பக்கம் குனிந்தார். குரல் தாழ்ந்தது. “பாடம் நாயோடு முடிகிறது. ஜன்னல் பெண் பாடத்தில் கிடையாது. அவளை உங்களுக்கு யார் சொன்னார்கள்?”

“ரொட்டிக் கடைக்கு மேல்தான் எங்கள் வீடு. குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். தங்கை வரமாட்டேன் என்றாள். நான் கிளம்பும்போது ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. ஜடையில் நான் வாங்கிக் கொடுத்த ரிப்பன். நீலம்தான். என் மகனிடம்கூட இதைச் சொன்னதில்லை.” என் சட்டைக் கையைப் பிடித்தார். “எப்படி இருந்தாள்?”

நான் சும்மா கட்டிவிட்டது, மதாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த டீச்சர் கண்கள் எங்கோ போய், அங்கே ஒரு சின்னப் பெண்ணுடைய கண்கள் இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு விசா ஞாபகமே இல்லை.

“சிரித்துக்கொண்டிருந்தாள், மதாம்” என்றேன். “நன்றாக இருந்தாள்.”

இஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. மதாம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகை மறுபடி நிமிர்த்தினார். கரை மங்கலாகத் தெரிந்தது. இறங்கலாம் என்று மதாமின் கைப்பையை வாங்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினேன். அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்:

“பலராமா…!”

ஐயோ! திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற பதற்றத்தில் பார்க்க வேண்டிய படியையும் பார்க்காமல் காலை வைத்தேன். அங்கே படி இல்லை, கிரீக் இருந்தது. கைப்பையோடு கழுத்துவரை உள்ளே போனேன். தலைமுடியைப் பிடித்து இழுத்தது சாகுல் பாய். “உங்களத் தேடித்தானய்யா வந்தேன்! கூப்புட்டா ஏன் தண்ணிக்குள்ள ஓடுறிய?” என்று அவர் கத்த, மேலே மதாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சனிக்கிழமை பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். முசியே பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“லொரியானை உங்களைப் போலத் தெரிந்த ஆளைப் பார்த்ததே இல்லை என்கிறார் அம்மா. நேற்று சாப்பாட்டு மேஜையில் தங்கையைப் பற்றிப் பேசினார். எனக்கு ஒரு சித்தி இருந்ததே நேற்றுத்தான் தெரியும்” என்றார்.

கௌரி வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

“அட அசடே, அது நான்தாங்க! என்னைத்தான் நெனச்சிருக்கீங்க. நான்தான ஜன்னல்ல நின்னு டாட்டா காட்டினேன்?” என்றாள். சோற்றைப் பிசைந்த கை சட்டென்று நின்றது. “ஏங்க, அன்னிக்கு நான் கொண்டைல்ல போட்டிருந்தேன். கனகாம்பரம் வச்சிருந்தேன். எங்கிட்ட ஏது நீல ரிப்பன்? யாருங்க அவ?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் மூத்த தாரத்தின் பெயர் நீல ரிப்பன்காரி. ‘எனக்கு விசா வாங்கிக் குடுத்த மவராசி’ என்று கௌரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், இன்னாரை நேரில் பார்த்தேன் என்று நான் எதையாவது அளந்தால், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோரஸாகக் கேட்பார்கள்: “ரிப்பன் என்ன கலர்?”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மூட்டம் இறங்கிய காலைகளில் மட்டும் எந்த வீட்டு மாடி ஜன்னலையும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. யாராவது கையை ஆட்டினால், பதிலுக்கு ஆட்டாமல் எப்படிப் போவது?