அரிசியில் முளைத்த கத்திரிக்காய்

பம்மலில் அந்த வருஷம் பச்சரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. மழை பொய்க்கவில்லை. லாரி ஸ்டிரைக்கும் இல்லை. ஊரிலுள்ள அரிசியெல்லாம் ஒரே ஒரு தாம்பாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம். செவ்வாய், வெள்ளி என்றால் தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஜனம் பஸ் பிடித்து வந்து இறங்கும். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு படி பச்சரிசி. மனசுக்குள் ஒரு கேள்வி. பெண்ணுக்கு வரன் எப்போது அமையும்? பையனுக்கு வேலை கிடைக்குமா? கேளம்பாக்கத்தில் வாங்கிய மனை ஏரிக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் சாமியாரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்த மனையை விற்றதே அவர்தான். அப்போது அவர் பெயர் குப்புராஜ், மனை புரோக்கர். இப்போது மௌனவாக்கு சுவாமிகள்.

மடம் என்பது ஒரு பழைய தோல் கிடங்கு. செருப்பை வாசலில் விட்டால்கூடக் காலை மூன்று முறை கழுவுகிற ஆசாரக்காரர்கள் அங்கே சப்பணம் போட்டு உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள். பக்தி வந்தால் மூக்கும் அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

சாமியார் தன் வாயால் குறி சொல்ல மாட்டார். பக்கத்தில் மணைப்பலகையில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் அபிதகுஜாம்பாள், வீட்டில் அபிதா. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சாமியார் அவள் வலது கையைத் தன் கைக்குள் பொத்திப் பிடிப்பார். கண்ணை மூடுவார், முழுசாக அல்ல. குழந்தையின் விரல் தாம்பாளத்து அரிசியில் ஓடும். "வரன் மேற்கே." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பேசாத குழந்தை, பள்ளிக்கூடம் போகாத குழந்தை, இலக்கணப் பிழையில்லாமல் எழுதுகிறதே!

எழுதி முடித்த அரிசி பின்வாசல் வழியாகச் சாமியாரின் மைத்துனர் தசரதனின் கடைக்குப் போகும். அங்கே அதற்குப் பெயர் அருள்வாக்கு அரிசி. பக்தர்கள் அதையே வாங்கிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை வருவார்கள். போய்ப் போய் வந்த அரிசிக்கு இந்நேரம் எழுத்தறிவே வந்திருக்கும்.

இந்தக் கூத்து தொடங்கியது அதற்கு முந்தைய விஜயதசமியன்று. சிட்லபாக்கத்துக் கோவிலில் குழந்தைகளின் கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத அபிதாவை அவள் அப்பா சுப்ரமணியனும் அம்மா வேதாவும் அங்கே அழைத்துப் போனார்கள். ஐயரோடு ஐயராகத் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த குப்புராஜ் அவள் கையைப் பிடித்தார். 'அ' எழுதினார். அதோடு விடவில்லை. 'ம்', 'மா' என்று விரல் ஓடியது.

அம்மா.

வேதா அங்கேயே சுருண்டு விழுந்து அழுதாள். ஏழு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தவள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சுற்றி நின்றவர்களைத்தான் சொல்கிறேன். அன்று காலை முதல் அத்தனை குழந்தைகளின் கையையும் பெரியவர்கள் பிடித்து எழுதவைத்தார்கள். ஒருவராவது "என் பிள்ளைக்கு எழுத வந்துவிட்டது" என்று கத்தினாரா? இல்லை. பேசாத குழந்தை என்றதும் மட்டும் அது அற்புதமாகிவிட்டது.

வீட்டில் அபிதா வேறு மாதிரி. எவர்சில்வர் டப்பா மூடி கிடைத்தால் போதும், தரையில் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அந்தப் பொருள்மேல் அம்மாவின் கையை வைப்பாள். "புத்தி மந்தம்" என்றார் ஒரு டாக்டர். "கிரகணத்தன்னிக்கு வெளியில போயிருப்பா" என்றார்கள் உறவினர்கள்.

அந்த வீட்டுக்குத்தான் ஐசக் வந்தான். மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிற இளைஞன். இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடிப் புறநகரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஆட்டிசம்னு பேர் மேடம். சாபமும் இல்ல, உங்க தப்பும் இல்ல. எங்க துறையிலேயே ஒரு காலத்துல, அம்மாவுக்குப் பாசம் போதலேன்னாதான் இது வரும்னு பெரிய டாக்டர்கள் எழுதினாங்க. அப்புறம் ஆராய்ஞ்சு பார்த்தாங்க. தப்புன்னு தெரிஞ்சுது, விட்டுட்டாங்க."

தப்பு என்று தெரிந்தால் விட்டுவிடுவது! மடங்களில் இப்படி ஒரு பழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"போன வெள்ளிக்கிழமை அரிசியில வேற வந்திருக்கு," என்றாள் வேதா. "'நான் மடத்துக்கே சொந்தம்'னு. வர்ற விஜயதசமியோட அவளை அங்கேயே விட்டுடணுமாம். இவரும் சரின்னுட்டார்."

"அவ வாக்கை மீற நாம யாரு?" என்றார் சுப்ரமணியன்.

"நானும் போய்ப் பார்த்தேன் சார். எழுதறப்ப குழந்தை அரிசியைப் பார்க்கவே இல்ல. மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தா. பார்க்காம எப்படி சார் எழுத்து கோணாம வரும்? அமெரிக்காவுலயும் இதே கூத்து நடக்குது. அங்க அரிசி இல்ல, டைப் அடிக்கிற மெஷின். குழந்தைக்கு ஒரு படம், கையைப் பிடிக்கிறவருக்கு வேற படம் காட்டினாங்க. கையைப் பிடிச்சவர் பார்த்ததுதான் டைப்ல வந்துது."

வேதா அபிதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படிப் பார்த்தா, அம்மான்னு எழுதினதும்..."

"சோதிச்சுப் பார்த்தா அதுவும் போயிடலாம் மேடம்."

"போகட்டும். அவ எழுதலேன்னா அந்த வார்த்தையை வெச்சுண்டு நான் என்ன பண்றது? குழந்தை போயிடுவாளே."

விஜயதசமி வந்தது. கிடங்கு நிரம்பி வழிந்தது. வேதா எழுந்து கைகூப்பினாள்.

"சாமி, குழந்தையை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை. கொல்லைப்பக்கம் அழைச்சுண்டு போய் அவளுக்கு ஒரு பொருளைக் காட்டறோம். அது என்னன்னு அவ எழுதட்டும்."

சாமியாரின் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவர் முழங்கால் பக்கத்தில் வேதா வைத்த மஞ்சப்பை கண்ணில் பட்டது. வாய் பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து ஊதா நிறத்தில் ஒன்று, பச்சைக் காம்போடு எட்டிப் பார்த்தது. கொல்லையில் காட்டப்போவதும் இதைப் போல ஒன்றைத்தான் என்று கணக்குப் போட்டார். சாமியாருக்கு உடனே அருள் வந்துவிட்டது.

"தாராளமா காட்டும்மா. வாக்கு பொய்க்காது!"

குழந்தையைக் கொல்லைக்கு அழைத்துப்போனது ஐசக்கும் அங்காளம்மாளும். அங்காளம்மாள் பம்மலில் பாதித் தெருவுக்குச் சொந்தக்காரி, மடத்தின் முதல் பக்தை. அவள் சாட்சி சொன்னால் ஊரே நம்பும். திரும்பி வரும்போது குழந்தையின் கண்ணைத் தன் முந்தானையால் மூடியே கூட்டிவந்து மணையில் உட்காரவைத்தாள்.

சாமியார் கையைப் பிடித்தார். குழந்தை ஃபேனைப் பார்த்தது. விரல் ஓடியது. கூட்டம் எட்டி எட்டி ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தது.

கத்திரிக்காய்.

"இன்னா சாமி இது?" அங்காளம்மாளின் குரல் கூரையில் இடித்தது. "நாங்க காட்னது டப்பா மூடி! நீ இன்னா கத்திரிக்கான்னு எய்தினுகீறே?"

ஐசக் சட்டைப் பைக்குள்ளிருந்து எவர்சில்வர் மூடியை எடுத்துக் காட்டினான். வேதா மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். கத்திரிக்காய் உருண்டு போய்ச் சாமியாரின் மடியில் நின்றது. முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்?

"கொயந்த... பைய பாத்திருக்கும்," என்றார் சாமியார். பதற்றத்தில் குப்புராஜின் பாஷை வெளியே வந்துவிட்டது.

"கண்ண நான்தானே மூடி இட்டாந்தேன்! சரி, நீதான் கண்ண மூடினுதானே எய்துவே? வா, இந்தத் துண்ட கட்டிவுடறேன். எய்து பாக்கலாம்!"

சாமியார் உதட்டின்மேல் விரலை வைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு மௌன விரதமாம். தசரதன் பின்வாசல் வழியாக அரிசி மூட்டையோடு நழுவினான். "என் மனை ஏரியிலதான்டா கீது!" என்று யாரோ கத்த, கூட்டம் தாம்பாளத்தைத் தட்டிவிட்டு எழுந்தது. அருள்வாக்கெல்லாம் காலடியில் நறநறத்தது.

சுப்ரமணியன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேதா ஜெயித்துவிட்டாள், ஆனாலும் அழுதாள். அந்த 'அம்மா'வும் அரிசியோடு சிதறித்தான் போயிற்று.

அப்போது அபிதா எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், இழுத்தாள். ஐசக்கின் கையிலிருந்த மூடிமேல் அம்மாவின் கையை வைத்து அழுத்தினாள்.

"இதுதான் மேடம் அவ பேச்சு," என்றான் ஐசக். "இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். இவ்வளவு நாளா இவ பேசிட்டுத்தான் இருந்திருக்கா."

வேதா மூடியை வாங்கித் தரையில் சுற்றிவிட்டாள். அபிதா சிரித்தாள்.

கூட்டம் சும்மா இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை குன்றத்தூர் ரோட்டில் ஒரு வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று சொம்போடு ஓடியது. ஓடுங்கள், ஐயா, ஓடுங்கள். போகிற வழியில் ஒன்றே ஒன்றை யோசித்துக்கொண்டு போங்கள். எட்டு வயதுப் பேசாத குழந்தை, தனக்கு வேண்டியதற்கு அடுத்தவர் கையைப் பிடித்து இழுக்கிறது. வளர்ந்த நீங்கள் உங்கள் கையை எவனிடமோ கொடுத்துவிட்டு, அவன் கிறுக்குவதைத் தலைவிதி என்று படிக்கிறீர்கள். புத்தி மந்தம் யாருக்கு?