தாசையனிடம் ‘எப்படி’ என்று கேட்ட நாள்

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். தூறல், குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கும். அந்த நேரத்தில்தான், கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய குளத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வராந்தாவில் என் மச்சினன் தாசையனை நாற்காலியில் உட்காரவைத்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரை எதிரே அமர்த்தி, “தொடங்குங்கள்” என்றேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் வந்தால், நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து, வீடு வீடாகக் கேள்வி கேட்டு ஓய்வு பெற்றவன். (ஆடு உண்டா? உண்டு. எத்தனை? மூன்று. அதோடு அடுத்த வீடு.) இதை நம்பி ஷீபா டீச்சர் என்னைக் கூப்பிட்டிருந்தார். நெய்யாற்றின்கரையில் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி. காலையில் ஒருவரைப் பேட்டி எடுத்து, அன்றே பிற்பகல் இரண்டு மணிக்கு மேடையில் வாசிக்க வேண்டும். வாசிக்கப்போகிறவள் அனிஷா. அந்த வகுப்பில் யாரும் அதுவரை மைக் பிடித்ததில்லை. அவள் ஒரு வாரமாகத் தேங்காய்ச் சிரட்டையை வாயருகே வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த வழியாக மதியம் ஒரே பஸ், பன்னிரண்டு இருபதுக்கு.

தாசையன் களியக்காவிளை வழித்தடத்தில் கண்டக்டராக இருந்தவன். முந்தைய நாள் பிள்ளைகள் எழுதிவந்த கேள்விகள் இவை: “மாமாவுக்கு பொறோட்டா பிடிக்குமா?” “பஸ் பெரிசா?” இருபத்திரண்டு கேள்விகளையும் நான் சிவப்பு மையால் அடித்தேன்.

“ஆமாம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்வி வேண்டாம். எப்படி, ஏன் என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் ‘பிறகு?’ என்று மட்டும் கேட்க வேண்டும். இடையில் பேசவே கூடாது.”

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி தங்கம் தலையில் கைவைத்தாள். “தாசையன்கிட்ட எப்படின்னு கேக்கவா சொல்லிக் குடுத்திருக்கிய? கர்த்தாவே!”

அவள் பயம் நியாயம்தான். எங்கள் குடும்பத்தில் அவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ‘சோறு வேணுமா?’ ‘சுகம்தானே?’ அவ்வளவே. ஒருமுறை ‘சோலி எப்படிப் போகுது?’ என்று கேட்டுவிட்ட சித்தப்பா, தன் மகளுடைய கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். ஆனால் எனக்கோ என் பாடத்தின்மேல் நம்பிக்கை.

அனிஷா கேட்டாள்: “மாமா, பஸ்ஸில ஏறுத ஆளு தமிழா மலையாளமான்னு எப்படி கண்டுபிடிப்பிய?”

என்ன அருமையான கேள்வி! நான் டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்தேன். தாசையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

“மக்கா, டிக்கெட் எல்லாரும் மலையாளத்துலதான் கேப்பாவ. பாக்கிச் சில்லறை குடுக்காம நில்லு, அப்பம் வாற பேச்சப் பாரு, அதாக்கும் வீட்டுப் பாசை!”

“பிறகு?” என்றான் முன்வரிசைப் பையன்.

பிறகு உதியன்குளங்கரையில் பலாப்பழத்துக்கு அரை டிக்கெட் கேட்டவர் வந்தார். பிறகு, இரண்டு பாஷையிலும் திட்டிவிட்டு ஸ்தோத்திரம் சொல்லி இறங்கிய அம்மா. பதினொரு பேரும் முறைவைத்துப் ‘பிறகு?’ கேட்டார்கள். பன்னிரண்டு பத்துக்கு டீச்சர் என்னிடம் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். நானும் எழுந்தேன். தாசையனும் ஓய்ந்துதான் இருந்தான்.

“ஒரே ஒரு ஆளு மட்டும் எனக்குப் பிடிபடல்ல,” என்றான், தண்ணீர் குடித்துக்கொண்டே. “ஒன்பது வருசம் தினமும் வந்தாரு. ஒரு வார்த்தை மிண்ட மாட்டாரு. சரியான சில்லறைய நீட்டுவாரு, அவ்வளவுதான்.”

பிள்ளைகள் பைகளை எடுத்துவிட்டார்கள். அப்போது ஒரு குரல் “பிறகு?” என்றது.

என் குரல்.

(வேறு என்ன செய்வது? ஒன்பது வருடம் பேசாத மனிதர்!)

இடையில் பேசக் கூடாது என்பது என் சட்டம்; அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளி வாசலில் பஸ் வந்து, நின்று, போயிற்று. தாசையன் கடிகாரத்தைப் பார்த்தான். “பன்னெண்டு இருவது. கரெக்டாக்கும். நல்ல டிரைவர்.” டீச்சர் எழுந்து ஓடினார். பயனில்லை. அனிஷா சிரட்டையைப் பிடிப்பதுபோல் வெறுங்கையைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுடைய பதில் ஒரு மணிக்கு முடிந்தது. “நான் ரிட்டயர் ஆன அன்னைக்கு கேட்டேன், ஏன் சாரே எங்கிட்ட மிண்டவே இல்லன்னு. ‘தாசையா, நான் தனுவச்சபுரத்துல இறங்கணும்’ன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம், அத்தான்?”

நான் பஸ் போன சாலையைக் கைகாட்டிவிட்டு எழுந்தேன்.

மூன்று ஆட்டோக்கள் தேடிப் பிடித்து நெய்யாற்றின்கரை சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. போட்டி முடிந்து, நடுவர் மேடையில் பரிசு எழுதிக்கொண்டிருந்தார். அனிஷாவின் முகத்தைப் பார்த்து இரங்கி, மைக்கை அவளிடம் நீட்டி, “ஏன் மோளே வைகிப்போயி?” என்று தாமதத்துக்குக் காரணம் கேட்டார்.

அனிஷா இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தாள். பத்து ஐந்திலிருந்து தொடங்கினாள். பலாப்பழம், ஸ்தோத்திரம், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் என்னைச் சுட்டிக்காட்டி, “பஸ் வாற சமயத்துல ‘பிறகு?’ன்னு கேட்டது அந்த சாராக்கும்” என்றாள். மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நேரம் கடந்ததால் பரிசு இல்லை. ஆனால் அன்று கைதட்டலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தது அவள் ஒருத்திக்குத்தான் என்று நடுவரே சொன்னார்.

இப்போது தாசையன் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறான். “இன்னைக்கு ஒண்ணும் கேக்கல்லியா, அத்தான்?” தங்கம் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போய்விடுவாள்.

மூன்று ஆட்டோ, காத்திருந்த கூலி, பதினொரு பேருக்கும் டீச்சருக்கும் வடையும் சாயாவும்: ஆகமொத்தம் ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். பாதியைத் தாசையனிடம் கேட்கலாம்தான். கேட்டால் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். முழு ஆயிரத்து எண்ணூற்று அறுபதும் என் செலவே.