நாவிதன்வெளியில் ஜின் திறந்த கதவு

எண்பத்திரண்டாம் ஆண்டு கல்முனையில் வேறு பேச்சே இல்லை. நாவிதன்வெளி வாய்க்கால் கரையில் ஜின் குடியிருக்கிறதாம்! மண்ணிலே கதவு வைத்திருக்கிறதாம்! மந்திரிக்கிற அபூசாலி மஸ்தான் ஓதினால் அது தானாய்த் திறக்குமாம்! திறந்தால் நினைத்தது நடக்குமாம்!

உழவு மெசின் இழுக்கும் பெட்டிகளில் சனம் அள்ளுண்டு போனது. ஆடு கொண்டுபோனவருக்குக் கதவு உடனே திறந்தது. கோழி கொண்டுபோனவருக்கு ஜின் கொஞ்சம் யோசித்தது.

சுலைஹாவுக்கு ஜவுபர் மாப்பிள்ளை பொருத்தமா என்று கேட்க அவளின் வாப்பா மீராமுகைதீன் கொண்டுபோனது கோழி. கதவு திறக்கவில்லை. "ஜவுபருக்கு உங்கட மகள் பொருத்தமில்ல" என்று மஸ்தான் கையை விரித்தார். நாள் குறித்த கலியாணம் நின்றது.

சுலைஹா விலங்கியல் படிப்பிக்கும் டீச்சர். ஜவுபரை அவளுக்குப் பிடித்திருந்தது. அழுதாள். அழுதது போதும் என்று மறுநாள் பொழுது சாயும் நேரம் வாப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். முன்னால் குந்தியிருந்து, மஸ்தானின் வாயைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். ஆட்டுக்காரர் வந்தால் பெருவிரல் மண்ணை மெல்லச் சுரண்டியது. கதவு திறந்தது. கோழிக்காரர் வந்தால் கைத்தடி 'தொம்' என்று இறங்கியது. கதவு அசையவில்லை.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஓர் ஈர்க்கிலோடு எழுந்தாள்.

"மஸ்தான், நானும் ஒருக்கா ஓதிப் பாக்கட்டா?"

"பொம்புள ஓதினா ஜின் கண்ணப் புடுங்கும்!"

"புடுங்கட்டும்." கதவோரம் ஈர்க்கிலால் சுரண்டியபடி ஓதினாள்: "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு..."

படக்கென்று திறந்தது கதவு!

"அல்லாஹ்! ஜின்னுக்கு வாய்ப்பாடும் தெரியுமா?" என்று கூட்டத்தில் நின்ற பாத்தும்மா கூவினாள்.

சுலைஹா மண்வெட்டி வாங்கிக் கொத்தினாள். கையோடு கொண்டுவந்த போத்தலுக்குள் கறுத்த சிலந்தி ஒன்று விழுந்தது.

"இதான் ஒங்கட ஜின். கதவுச் சிலந்தி. ரெண்டு கண் முன்னுக்கு, ஆறு கண் பின்னுக்கு இரிக்கி, பாருங்க. வீட்டுச் சிலந்திர பல்லு குறடு மாதிரிக் குறுக்கக் கடிக்கும். இதுர பல்லு நேரா கீழ குத்தும். பல்லுக்கு மேல முள்ளு வரிசை, மண் கிண்ட. கதவுக்கு நூலாலதான் பிணைச்சல். பூச்சி நடந்தாத் திறக்கும். ஆள் மிதிச்சா உள்ளுக்கிருந்து இறுக்கிப் பிடிக்கும்."

"அப்ப இது ஜின்ட குடும்பமில்லயா?" என்றாள் பாத்தும்மா.

"சிலந்திக் குடும்பம் கா! மண் தோண்டுற சாதி!"

மஸ்தான் ஆட்டுக் கயிற்றோடு ஓட்டமெடுத்தார். ஆடு எதிர்ப்பக்கம் இழுத்தது. மஸ்தான் வயல் சேற்றில் மல்லாக்க விழுந்தார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

திரும்பும் வழியில் மீராமுகைதீன் தலையைச் சொறிந்தார். "மகள், கலியாணத்த வைக்கலாமா எண்டு இனி ஆரிட்டக் கேக்கிற?"

"என்னட்டக் கேளுங்க வாப்பா."

மனிதர் மண்ணுக்குள் கிடந்த பூச்சியிடம் கேட்டார்; வீட்டுக்குள் இருந்த மகளிடம் கேட்கத் தோன்றவில்லை. தலை எண்ணெய் வைக்க மட்டுமா, சனங்களே?