ஒரு ஃபேனை மாற்றப் போய்

“இன்னும் ஒன்பது மணி நேரம்னு காட்டுதுங்க” என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “காலையில பார்த்தப்பவும் இதே ஒன்பதுதான்.”

அவள் கணவரான லிஃப்ட் மெக்கானிக் டீயை வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் தலையை விட்டார். கம்ப்யூட்டர் பெட்டி மாவு மில் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டார். கையை வைத்துப் பார்த்தார். சுட்டது.

“இன்னிக்கு புதன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாலு படமும் போய்ச் சேரணும். இந்த லட்சணத்துல ஒரு படமே முடியாது.”

மூன்று மாதம் முன்பு கட்டட வரைகலை ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வீட்டிலேயே சொந்தமாகத் தொடங்கியவள் அவள். கட்டி முடித்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று நிஜம் போலப் படம் போட்டுக் காட்டுவது அவள் தொழில். ஒரு பல் மருத்துவமனை வேலை இப்போதுதான் முதல் பெரிய ஆர்டராக வந்திருந்தது. தவறினால், அது நேராகப் பழைய ஆபீஸுக்குப் போகும்.

“அப்புறம் நானும் அவங்க பின்னாலயே போய் நிக்க வேண்டியதுதான்” என்றாள்.

“விடு, நான் பாத்துக்கறேன்” என்றார் மெக்கானிக்.

இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டு நிம்மதியடைந்த மனைவி உலகத்தில் ஒருத்திகூட இல்லை.

“ஏங்க, அது லிஃப்ட் இல்ல.”

“இருபது மாடி லிஃப்டையே ஓட வைக்கிறேன். இந்தப் பெட்டி என்ன பெரிய கொம்பா?”

“வாஷிங் மெஷினுக்குச் சேர்த்து வச்சதுல பாதிதான் தருவேன். அதுக்கு மேல ஒரு காசு எடுத்தீங்க, துணியெல்லாம் நீங்கதான் துவைக்கணும்.”

ஜன்னலோரம் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்திருந்த மாமனார் நிமிர்ந்தார். அவரும் அவருடைய நண்பரான பழைய போஸ்ட்மாஸ்டரும் போனிலேயே சதுரங்கம் ஆடுகிறவர்கள். காலையில் அவர் ஒரு காய், சாயங்காலம் இவர் ஒரு காய். காலையில் கம்ப்யூட்டரில் பேப்பர் படிப்பார். மீதி நேரம் பலகைதான்.

“மாப்ளே, பெட்டியை அணைக்கப் போறீங்களா?”

“அணைக்காம எப்படி மாமா திறக்கிறது?”

“இல்ல... அணைக்காம ஏதாவது வழி இருக்கானு கேட்டேன்.”

பாவம், மகள் வேலையை நினைத்துப் பதறுகிறார் என்று மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது.

பழைய, புதிய கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடைக்காரர் ஒல்லி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள்.

“சூடு ஏறுதுன்னா கூலரை மாத்துங்க சார். செலவு கம்மி” என்று, பெரிய ஃபேனும் செம்புக் குழாய்களுமாக ஒன்றை எடுத்து வைத்தார். “உள்ள வேற ஏதாவது ஓடுதானு பாத்தீங்களா?”

“என் பொண்டாட்டி வேலை மட்டும்தாங்க ஓடுது. ஆனா நீங்க கேட்டதும் ஞாபகம் வருது. போன மாசம் ஒரு அபார்ட்மென்ட்ல லிஃப்ட் திணறுதுன்னு ரெண்டு தடவை மோட்டாரை மாத்தியிருக்காங்க. நான் போய்க் கதவைத் திறந்தா, எவனோ தரைக்கல்லு மொத்தத்தையும் உள்ள ஓரமா அடுக்கி, மேல மிதியடியைப் போட்டு மூடி வச்சிருக்கான்! உள்ள என்ன நிக்குதுன்னு பார்க்காம மோட்டாரை மாத்துவாங்களா எவனாவது?”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரித்தபடியே மெக்கானிக் கூலரை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் பழைய கூலரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் திருகி, மறுபடி இழுத்தார். வந்தது. கூடவே, காய்ந்த பசையில் ஒட்டிக்கொண்டு பெட்டியின் மூளையான ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து, தரையில் விழுந்தது.

அதன் அடியில் இருந்த ஊசி முனைகளில் ஒரு வரிசை சாய்ந்துவிட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்தினார். மூன்று முனைகள் ஒடிந்தன.

“என்ன சத்தம்?” என்றது சமையலறை.

“ஒண்ணுமில்ல! நல்லா கழண்டு வருது!”

கடைக்காரர் ஒடிந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது முடிஞ்சது சார். இந்த மாடல் இப்ப கிடைக்காது. ஆனா ஒரு புது மாடல் இருக்கு. இதைவிட மூணு மடங்கு வேகம், விலையும் சகாயம்.”

வாங்கி வந்தார். மதர்போர்டில் வைத்தார். உட்காரவில்லை. ஒடித்த பாவத்துக்கு இந்த முறை அழுத்தாமல் விட்டதுதான் அவர் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம்.

“பழைய போர்டுல புது ப்ராசஸர் எப்படி சார் உட்காரும்?” என்றார் கடைக்காரர்.

“அதை விக்கும்போது சொல்லக்கூடாதாய்யா?”

“போர்டு மாத்தப் போறீங்கன்னு நினைச்சேன் சார்.”

போர்டும் வந்தது. அதில் பழைய மெமரி பொருந்தவில்லை. மெமரிப் பட்டையின் நடுவில் இருந்த வெட்டு வேறு இடத்தில் இருந்தது. மெமரியும் வந்தது. அப்புறம் அந்தப் பெரிய கூலர் போர்டில் மாட்டுவதற்குத் தனிப் பிடி கேட்டது. பிடியும் வந்தது. மாட்டி முடித்ததும் கூலர் பெட்டியை விட உயரமாக நின்றது, பக்கவாட்டுக் கதவு மூடவில்லை. வாஷிங் மெஷின் பணத்தில் பாதி போய், மீதிப் பாதியிலும் பாதி போயிருந்தது.

வியாழனும் வெள்ளியும் லீவு போட்டார். வியாழன் மதியம் சுவிட்சைப் போட்டார். திரையில் ஒரு கறுப்பு. அதில் ஒரு வரி வெள்ளை எழுத்து.

மனைவி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “என் படமெல்லாம் இருக்கா, போச்சா? அதை மட்டும் சொல்லுங்க.”

மெக்கானிக் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கே ஓடினார்.

“படம் எல்லாம் தனி டிஸ்க்ல பத்திரமா இருக்கு. ஆனா பழைய விண்டோஸ் இந்த போர்டுல எழுந்திரிக்காது” என்றார் கடைக்காரர். “விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைச் சுத்தமாத் துடைச்சிட்டுப் புதுசா ஏத்தணும். அதுல வேற என்ன இருந்தாலும் போயிடும். பரவாயில்லையா?”

“வேற ஒண்ணும் இல்ல. துடைங்க!”

சாயங்காலம் விண்டோஸ் ஏறியது; மனைவியின் படம் போடும் மென்பொருளெல்லாம் ஏறி முடிய விடிந்துவிட்டது. வெள்ளி காலை எட்டு மணிக்கு, கதவில்லாத பெட்டியை மேஜை மேலேயே வைத்து, மனைவி முதல் படத்தை ஓடவிட்டாள். மெக்கானிக் நகத்தைக் கடித்தார். மாமனார் பலகையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

“நாற்பது நிமிஷம்னு காட்டுது” என்றாள் அவள். நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். “ஏங்க, முப்பத்தொன்பது ஆயிடுச்சு!”

பெட்டி உறுமவே இல்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பத்தே முக்காலுக்கு நாலு படமும் முடிந்தது. பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. பதினொன்றரைக்குப் பல் மருத்துவரிடமிருந்து போன். “ரொம்ப நல்லா வந்திருக்கு. அடுத்த கிளினிக்கும் நீங்களே பண்ணிடுங்க.”

அவள் போனை வைத்துவிட்டு, பெற்ற தகப்பன் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் புருஷனைக் கட்டிக்கொண்டாள். “அப்பாடா! இனிமே அந்த ஆபீஸ் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். வாஷிங் மெஷின் போனா போகட்டும். நானே துவைக்கிறேன்!”

இரண்டு நாளாக மெக்கானிக் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. மூச்சு தாராளமாக வந்தது. தன்னை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. “நான்தான் சொன்னேனே. கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கத் தெரியணும், அவ்வளவுதான்.”

அவள் டீ போடப் போனாள். அதற்காகவே காத்திருந்தவர் போல மாமனார் எழுந்து வந்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மருமகன் காதருகே குனிந்தார்.

“மாப்ளே, போஸ்ட்மாஸ்டரைத் தோற்கடிக்க அடுத்த காய் என்னன்னு யோசிக்கச் சொல்லி, தினம் காலையில இந்தப் பெட்டியிலயே ஒரு செஸ் புரோகிராமை ஓடவிட்டு யார் கண்ணுலயும் படாம அடியில ஒளிச்சு வைப்பேன். மூணு மாசமா பகல் பூரா யோசிச்சு ஒரு ஆட்டம் விடாம ஜெயிக்க வச்சுது... அது இந்தப் புதுப் பெட்டியில எங்க இருக்கு?”