ஆறு நிமிஷம் நாற்பத்திரண்டு வினாடி

“பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டா, உள்ள இருந்ததும் திரும்ப வந்துடும் இல்ல?”

“எங்க சார் வரும்? வீட்டை இடிச்சுட்டு வந்து பழைய பிளான்படியே கட்டிக் குடுன்றீங்க. கட்டித் தரேன். அடுப்புல இருந்த மீன் குழம்பையும் கேட்டா நான் எங்க போவேன்?”

கேட்டவன் லாய்ட், கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் பூகோள ஆசிரியர். பதில் சொன்னவர் வலியுல்லா, சைதாப்பேட்டை மார்க்கெட் ஓரத்தில் செல்போன் பழுது பார்ப்பவர். இருவருக்கும் நடுவே, கண்ணாடி மேஜைமேல், லாய்ட்டின் போன் போர்ச்சுகீசிய மொழியில் வரவேற்பு சொல்லிக்கொண்டிருந்தது.

“இது இன்னா சார் பாஷை?”

“ஒரிஜினலை நானே போட்டுப் பார்த்தேன். நெட்டுல கிடைச்சது பிரேசில் ஃபைல் போலிருக்கு.”

நானூறு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய முன்னோர்களில் யாருக்கோ ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் மொழி அது. லாய்ட்டுக்கு அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

“அதுக்கு முன்னாடி இன்னா போட்டீங்க?”

“வெளியாளுங்க செஞ்ச சாஃப்ட்வேர் ஒண்ணு. வேகமா ஓடும்னு சொன்னாங்க.”

“அதுக்கும் முன்னாடி?”

“நல்லா இருந்தது,” என்றான் லாய்ட். போனைப் பற்றி மட்டும் சொன்னதாக அவனுக்கே தோன்றவில்லை.

போன திங்கட்கிழமை அவன் மனைவி ஜொவிட்டா பட்டினப்பாக்கத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது லாய்ட் ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் இருந்தான். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. ஜொவிட்டா மூன்று விஷயம் சொன்னாள். மூன்றுக்கும் “ம்” என்றான். நாலாவதாக, “நான் போய்க் கடல்ல விழறேன்” என்றாள்.

“ம். குடை எடுத்துட்டுப் போ,” என்றான்.

குடையை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

புதன்கிழமை காலையில் அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆறு நிமிஷம் நாற்பத்திரண்டு வினாடி. “இதோ பாருங்க, நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். இதையாவது முழுசாக் கேளுங்க” என்ற இடத்தில், பதினோராவது வினாடியில், போன் அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டான். மறுபடியும் பதினோராவது வினாடி. ஏழு வருஷத்துப் போன், அதற்குமேல் அதனால் முடியவில்லை.

கிழட்டுப் போனை ஓடவைக்கும் வழி ஒரு வீடியோவில் இருந்தது. பள்ளிக்கு லீவு போட்டு உட்கார்ந்தான். பாதியில் ஆங்கிலத்தில் நீளமாக ஓர் எச்சரிக்கை வந்தது. எல்லோரும் எச்சரிக்கை படிப்பதுபோல அவனும் படித்தான். அதாவது, சரி என்று அழுத்தினான். மதியத்துக்குள் போன் பிய்த்துக்கொண்டு ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லை.

வாட்ஸ்அப்பை மறுபடி ஏற்றியதும் ஜொவிட்டாவின் கேள்வி வந்து நின்றது: “முழுசாக் கேட்டீங்களா?”

தான் பேசுவதை அவன் காதில் வாங்குவதில்லை என்று கோபித்துக்கொண்டு போனவள். அவளிடம் எப்படிச் சொல்வது? “கேட்டேன்” என்று அனுப்பினான். அது மொட்டையாகத் தெரிந்ததால், “நீ சொன்ன மாதிரியே செஞ்சிடலாம்” என்றும் சேர்த்தான்.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“ரொம்ப யோசிச்சேன்.”

அதற்குப் பிறகு மூன்று நாளாக அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

“பேக்கப்பு எதுனா கீதா சார்?” என்றார் வலியுல்லா.

“அணைச்சு வெச்சிருந்தேன். போன் வேகமா ஓடும்னு…”

“சரி வுடுங்க. அனுப்புனவங்களையே இன்னொரு தபா அனுப்பச் சொல்லுங்க. இதுக்குப் போயி இம்மாம் கஷ்டமா?”

“அவங்ககிட்ட கேக்க முடியாது.”

“ஏன், போலீஸா?”

“மனைவி.”

வலியுல்லா குனிந்து வேலையைப் பார்த்தார்.

ஒரு மணி நேரத்தில் போனுக்குத் தமிழ் திரும்பி வந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த ஆரஞ்சு நிற மலைகள் திரையில் வந்தன. அன்றைக்கே ஜொவிட்டா அந்த மலைகளை எடுத்துவிட்டு, தன் முகத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். மந்தைவெளி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவன் மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. ஜொவிட்டாவின் தம்பி ஜாக்சன் கயிற்றோடு காத்திருந்தான்.

“வாங்க மாமா. அக்கா பீரோவை எடுத்தாரச் சொல்லிச்சு. நீங்க ஒத்துக்கினீங்களாமே?”

லாய்ட் வண்டியைப் பார்த்தான். எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று இவனிடம் கேட்டால், இரவுக்குள் அது பட்டினப்பாக்கம் போய்விடும்.

“ஆமா. ஒத்துக்கிட்டேன்.”

“தையல் மிஷினு?”

“எடுத்துக்கோ.”

“கட்டிலு?”

“கட்டிலையுமா சொன்னா?”

“என்னைக் கேட்டா? உங்களுக்குத்தானே மாமா வாய்ஸ் அனுப்பிச்சு.”

ஆறே முக்கால் நிமிஷத்தில் கட்டில் வராமலா இருந்திருக்கும்?

“அஞ்சாவது நிமிஷத்துல சொன்னா,” என்றான் லாய்ட்.

ஜாக்சன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். மறு பக்கத்தை லாய்ட் தூக்கினான். கதவு நிலையில் இடித்துக்கொண்டபோது, “திரும்பி வந்துடு” என்று ஒரே ஒரு வரி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அவளுடைய முடிவு என்னவென்றே தெரியாமல் எதிலிருந்து திரும்பி வரச் சொல்வது? பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுசாக இருந்தது.

கயிற்றை இழுத்துக் கட்டிய ஜாக்சன் வண்டியில் ஏறவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

“மாமா, நான் கேட்டேன்னு அக்காகிட்ட சொல்லாதீங்க. அன்னிக்குக் கோவத்துல இன்னா பேசிச்சுன்னு அதுக்கே ஞாபகம் இல்ல. பீரோ, மிஷினு வரைக்கும்தான் தெரியுமாம். அனுப்புன கையோட அழிக்கப் போயி, அதோட போன்ல மட்டும் அழிஞ்சிடுச்சு. ‘எதுக்குடா அவரு சரின்னாரு’ன்னு மூணு நாளா அழுதுகினு கீது. இப்ப உங்க போன்ல மட்டும்தான் கீது. ஒரே ஒரு தபா போட்டுக் காட்டுங்க மாமா.”